செகோட்டோவும் மன்கோபாவும் கப்பலேறியது எப்படி?

கேள்வி இது: தென்னாப்பிரிக்காவின் கறுப்பின ஓவியர்கள் 1930, 40களில் கப்பலேறி ஐரோப்பா போனதைப் பிற்காலத்தில் நினைவுகூரும்போது, பயணத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அது எப்படி நடந்தது? பணம் எங்கிருந்து வந்தது, எது தடையாக இருந்தது, அந்த நினைவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சில வரிகளில் முடிவதற்குக் காரணம் எளிது. மொத்தக் கதையிலும் சிக்கலே இல்லாத பகுதி அந்தக் கப்பல்தான். டிக்கெட் கையில் இருந்தால் இரண்டு வாரத்தில் இங்கிலாந்து. டிக்கெட்டுக்கு முன்னால் பத்து வருட உழைப்பு, இறங்கிய பிறகு முதல் குளிர்காலம், இந்த இரண்டும்தான் ஆளைத் தீர்மானித்தன. நினைவுகளை வாசிப்பவர் கண்வைக்க வேண்டியதும் அந்த இரண்டு முனைகளில்தான்.

இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன். எர்னஸ்ட் மன்கோபா 1904இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பிறந்தவர், சிற்பி, பிறகு ஓவியர், 1938இல் போனார். ஜெரார்ட் செகோட்டோ 1913 டிசம்பரில் டிரான்ஸ்வாலில் மிடில்பர்க் அருகே, போட்ஷபெலோ என்ற லூத்தரன் மிஷன் ஊரில் பிறந்தவர்; 1947இல் போனார். இருவரும் பீட்டர்ஸ்பர்க் அருகே இருந்த கிரேஸ் டியூ ஆங்கிலிக்கன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வார்ப்பு. அந்த வட்டாரத்துக் கைசோ பள்ளியில் ஆசிரியர்களாகப் பழகியவர்கள். பாரிஸ் என்ற பெயர் அந்த நட்புக்குள்ளேதான் முளைத்தது.

ஏன் பாரிஸ் என்பதில் இருவருக்கும் வேறு வேறு காரணம். மன்கோபா 1929இல் மஞ்சள்மரத்தில் செதுக்கிய ஆப்பிரிக்க மரியன்னை சிலையால் பெயர் பெற்றவர். 1936இல் ஜோஹன்னஸ்பர்க்கில் எம்பயர் கண்காட்சி நடந்தபோது, பூர்வகுடி விவகாரத் துறையிலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது: கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டாருக்கு விற்க 'ஆப்பிரிக்கக் கலை'ப் பொருட்கள் செய்து தர வேண்டும், கையோடு இளைஞர்களையும் பழக்க வேண்டும், நல்ல சம்பளம். மறுத்துவிட்டார். அதே காலத்தில் கேப் டவுனில் சிற்பி லிப்பி லிப்ஷிட்ஸ் ஆப்பிரிக்கச் சிற்பம் பற்றி ஐரோப்பாவில் வெளிவந்த ஒரு நூலை அவருக்குச் சுட்டிக்காட்டினார். தன் கண்டத்துக் கலையை மதித்துப் பேசும் ஊர் பாரிஸ், சொந்த ஊரோ பொம்மை செய்யச் சொல்கிறது என்ற முரண்தான் அவரைக் கிளப்பியது என்று 97 வயதில் கொடுத்த பேட்டியிலும் சொன்னார். செகோட்டோவுக்கு விஷயம் இன்னும் நேரடியானது. ஓவியனாகவே வாழ வேண்டும்; அதற்கு ஓவியர்களின் நகரம் வேண்டும்.

இனி பணம். செகோட்டோ எடுத்த ஒவ்வொரு அடியும் பயணத்துக்கு முதல் சேர்த்த மாதிரித்தான் இருக்கிறது. 1938இல் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் நடந்த மே எஸ்தர் பெட்ஃபர்ட் கலைப் போட்டியில் இரண்டாம் பரிசு. அதோடு வாத்தியார் வேலையை விட்டு ஜோஹன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன் போனார். அங்கே எண்ணெய் வண்ணம் வாங்கக் காசில்லை. பழுப்புத் தாளிலும் அட்டையிலும் போஸ்டர் கலர். ஜூடித் குளக்மன் என்ற ஓவியர் எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொடுத்தார். 1940இல் சோஃபியாடவுன் தெரு ஒன்றின் மஞ்சள் வீடுகளை வரைந்த படத்தை ஜோஹன்னஸ்பர்க் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. கறுப்பின ஓவியர் ஒருவரின் படத்தை அந்தக் கலைக்கூடம் வாங்கியது அதுவே முதல் முறை. 1942இல் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், 1945இல் பிரிட்டோரியாவின் ஈஸ்ட்வுட்டில் தாயார் வீடு. ஈஸ்ட்வுட்டில் இருந்த இரண்டு வருடங்களில்தான் அவருடைய மிகச் சிறந்த படங்கள் பிறந்தன என்று பெரும்பாலானோர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். 'பிக்காசுப் பாட்டு' (Song of the Pick) என்ற படம் அப்போது வந்தது. கூலியாட்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் பிக்காசை ஓங்குகிறார்கள். எதிரே பைக்குள் கை விட்டபடி மெலிந்து நிற்கிறான் வெள்ளைக்கார மேஸ்திரி. ஓங்கிய இரும்பெல்லாம் அவன் பக்கமே சாய்ந்திருக்கிறது. படம் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் யார் கையில் பலம் என்பதில் சந்தேகமும் வைப்பதில்லை.

1947இல் பிரிட்டோரியாவிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் கண்காட்சி வைத்து விற்ற பணம்தான் கப்பல் கட்டணம். இதில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது, நினைவுக் குறிப்புகளில் அது சட்டென்று தெரியாது. நல்ல படங்களை விற்றால்தான் பயணம். விற்றபின் நல்ல படங்கள் கையில் இல்லை. பாரிஸில் ஒரு கலைக்கூடக்காரர் கதவைத் தட்டி 'நான் யார் தெரியுமா' என்று காட்ட வேண்டிய படங்களெல்லாம் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் வீட்டுச் சுவர்களில் தொங்கின.

கொஞ்சம் படம் எடுத்துக்கொண்டு போக நினைத்தாலும் அது லேசான காரியமல்ல. எண்ணெய் வண்ணம் தொட்டுப் பார்க்க உலர்ந்த மாதிரி இருக்கும். அடுக்கு தடிமனாக இருந்தால் உள்ளே முழுக்க இறுக ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதற்கு முன் அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டும், பிரிக்கும்போது வண்ணம் உரிந்து வரும். அட்டைகளில் வரைந்ததை எடுத்துப் போகிறவர்கள் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்து, வண்ண முகம் எதையும் தொடாதபடி கட்டுவார்கள். கித்தானைச் சுருட்டுவதென்றால் வண்ணம் வெளிப்பக்கம் வர வேண்டும். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து உள்பக்கமாகச் சுருட்டிவிடுவார்கள். வண்ணப் படலம் நெருக்குண்டு மடிந்து செதில் செதிலாகக் கழன்றுவிடும். வெளிப்பக்கமாகச் சுருட்டினால் விழும் மெல்லிய விரிசல் விரித்ததும் மூடிக்கொள்ளும். சுருளும் குறுகலாக இருக்கக் கூடாது. இருட்டான சரக்கறையில் கிடந்தால் ஆளி எண்ணெயில் குழைத்த வெள்ளை மஞ்சள் பாரிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும், பதற வேண்டியதில்லை. பழுப்புத் தாளில் வரைந்த போஸ்டர் கலருக்கு இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. தாளின் அமிலமே அதை நொறுக்கும், மடித்த இடத்தில் வண்ணம் பொடியாக உதிரும்.

அடுத்தது காகிதங்கள். அன்றைய தென்னாப்பிரிக்காவில் கறுப்பின ஆண் ஒருவர் சொந்த நாட்டுக்குள் ஊர் விட்டு ஊர் போகவே பாஸ் வேண்டும். டிரான்ஸ்வால் எல்லையை அனுமதிச் சீட்டில்லாமல் தாண்டிய போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மையின் கதை நமக்குத் தெரியும். அது செகோட்டோ பிறந்த அதே 1913. சட்டங்கள் வேறு, ஆனால் நடமாட்டத்தையே குற்றமாகப் பார்க்கும் புத்தி ஒன்றுதான். பாஸ்போர்ட் என்பது உரிமையல்ல, அரசு மனம்வைத்தால் தருவது. இவர் படித்தவர், ஒழுக்கமானவர், போகும் இடத்தில் ஆதரவு உண்டு என்று சொல்ல மதிப்புள்ள ஆட்கள் வேண்டும். மிஷன் பள்ளியில் படித்தவர்களே முதலில் போக முடிந்ததற்கு அது ஒரு காரணம். சான்று எழுதித் தர அவர்களுக்குப் பாதிரியார்கள் இருந்தார்கள். மன்கோபாவுக்கு லண்டனில் ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் ஆதரவு கிடைத்தது. பிரிட்டிஷ் குடிமக்களாகக் கருதப்பட்டதால், பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் இங்கிலாந்தில் இறங்குவது எளிது. எல்லோரும் முதலில் லண்டன் போய்ப் பிறகு பாரிஸ் போனது இதனாலும்தான்.

இந்தக் குடியுரிமையே பிறகு மன்கோபாவின் கழுத்தைப் பிடித்தது. 1940இல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும், தன் நாட்டில் ஓட்டுரிமைகூட இல்லாத இந்த மனிதரை 'பிரிட்டிஷ்காரர்' என்று சேன்-துனி முகாமில் அடைத்தார்கள். டென்மார்க் சிற்பி சோன்யா ஃபெர்லோவை 1942இல் அவர் மணந்தது முகாம்வாசியாக இருந்தபோதுதான்.

பாஸ்போர்ட்டுக்குப் பொறுமையில்லாதவர்களுக்கு வேறு வழியும் இருந்தது. எழுத்தாளர் பீட்டர் ஆப்ரகாம்ஸ் 1939இல் கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்குச் சேர்ந்து வெளியேறினார். ஓவியர்களுக்கு அது ஒத்துவரவில்லை என்றுதான் தோன்றுகிறது. 1955இல் நிலைமை மாறியது. பாஸ்போர்ட்டோ அனுமதியோ இல்லாமல் நாட்டை விட்டுப் போவதே குற்றமாயிற்று; திரும்பி வரும் உரிமையை விட்டுக்கொடுத்தால் வெளியேற ஒருவழி அனுமதி தரப்பட்டது. செகோட்டோவின் 1947ஐயும் 1960களில் வெளியேறியவர்களின் கதையையும் ஒரே 'நாடுகடந்த வாழ்க்கை' என்று சேர்த்துக் கட்டுபவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். செகோட்டோ துரத்தப்பட்டவரல்ல, தானாகப் போனவர். தேசியக் கட்சி தேர்தலில் வென்று நிறவெறியை அரசுக் கொள்கையாக்கியது 1948 மே மாதம், அவர் போய்ப் பல மாதம் கழித்து.

இப்போது கப்பல். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்கு ரயிலில் சுமார் 1,500 கிலோமீட்டர், ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டும். அங்கிருந்து சவுத்ஹாம்ப்டனுக்குச் சுமார் 6,000 கடல் மைல். இந்தத் தடத்தில் ராஜா யூனியன்-காசில் கம்பெனி: வெளிர் ஊதாச் சாம்பல் உடல், கறுப்பு முனையுடன் சிவப்புப் புகைபோக்கி, வாரம் தவறாத தபால் கப்பல். 1938 முடிவதற்குள் பயணம் இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது. முதல் வகுப்பு, டூரிஸ்ட் வகுப்பு என்று இரண்டு உலகம். டூரிஸ்ட் அறைகள் பின்புறம், கீழ்த்தளத்தில். அடுக்குப் படுக்கை, அறைக்கு இரண்டு முதல் நான்கு பேர், சுழலியின் அதிர்வு இரவெல்லாம் கூடவே வரும். அந்த அறையில் டர்பன்டைன் திறக்க முடியாது, நாற்றத்தோடு தீ அபாயமும் உண்டு. கப்பலில் வரைந்த எண்ணெய் ஓவியம் என்று யாராவது காட்டினால் இரண்டு முறை யோசியுங்கள். குறிப்பேடும் பென்சிலும்தான் நடக்கும்.

கடல் எப்படி இருக்கும் என்பதும் ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது. கேப் டவுனை விட்டதும் தெற்குக் கடலின் நீண்ட அலை பின்பக்கமிருந்து கப்பலைப் புரட்டும்; குமட்டல் வருவதென்றால் அந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான். குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டத்தைத் தாண்டியதும் தென்கிழக்கு வணிகக்காற்று முதுகில் தள்ளும், கடல் அமைதியாகும். ஒரு வாரத்தில் பூமத்தியரேகை. காற்றில்லாத புழுக்கம், கீழ்த்தள அறைகள் வெந்து போகும், மேல்தளத்தில் முதல்முறை கோடு தாண்டுகிறவர்களை முக்கியெடுக்கும் வேடிக்கை. பத்தாம் பதினோராம் நாள் வாக்கில் மதேரா தீவின் ஃபுஞ்சால். படகில் வந்து கயிற்றில் கூடை கட்டி வியாபாரம் செய்வார்கள்: பிரம்புச் சாமான், பூவேலைத் துணி, ஒயின். கடைசி இரண்டு நாள் பிஸ்கே வளைகுடா. அங்கே மறுபடி வயிறு புரளும்.

1947 கப்பல்களுக்கு ஒரு தனி நிறம் உண்டு. போரில் படையாட்களை ஏற்றிய பெரிய கப்பல்கள் பல இன்னும் பழைய அழகுக்குத் திரும்பவில்லை. பிரதமர் ஸ்மட்ஸின் அரசு பிரிட்டனிலிருந்து வெள்ளையர்களைத் தென்னாப்பிரிக்காவில் குடியேற்றும் திட்டம் வைத்திருந்தது. அதற்காக கார்னர்வன் காசில், வின்செஸ்டர் காசில், ஆரண்டல் காசில் மூன்றையும் சிக்கன ஏற்பாட்டில் குடியேறிகளுக்கென்றே ஓட்டினார்கள். தெற்கே வரும் கப்பல்கள் வெள்ளைக் குடியேறிகளால் நிரம்பி வழிந்த அதே ஆண்டில், அந்நாட்டின் முதன்மையான ஓவியர்களில் ஒருவர் வடக்கே போகும் கப்பலில் சீட்டு வாங்கினார். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இறங்குமிடம் சவுத்ஹாம்ப்டன். துறைமுகத்திலிருந்தே கப்பல் ரயிலில் லண்டன் வாட்டர்லூ. பாரிஸ் போக விக்டோரியா நிலையம். நியூஹேவன்–தியெப் கப்பல் வழியாக சேன்-லசார் போவது மலிவு, டோவர்–கலே வழியாக கார் து நோர் போவது சீக்கிரம்.

இங்கேதான் அசல் சோதனை. செப்டம்பர் வாக்கில் தெற்கே வசந்தம் தொடங்கும் நேரத்தில் கிளம்புகிறவர், வடக்கே இலையுதிர் காலத்தில் இறங்குகிறார். உடம்பு பழக மூன்று மாதம் கிடைக்காது, நேரே குளிர்காலம். பாரிஸில் 1947இன் பின்பாதியில் ரொட்டி ரேஷன் நாளுக்கு 200 கிராம், போர்க்காலத்தைவிடக் குறைவு. நவம்பர், டிசம்பரில் நாடு தழுவிய வேலைநிறுத்தங்கள். கையில் பவுண்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு கொடுமை: ஒரு பவுண்டுக்கு 480 பிராங்க் என்றிருந்த அதிகாரபூர்வ விகிதம் 1948 ஜனவரியில் 864 ஆயிற்று. முந்தின இலையுதிர் காலத்தில் வங்கியில் மாற்றிக்கொண்டவர் சேமிப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இழந்த கணக்கு. வெளிநாட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு மேல் தங்க 1945 நவம்பர் சட்டப்படி தங்கல் அட்டை எடுக்க வேண்டும், சம்பள வேலைக்குத் தனி அனுமதி. ஆகவே ஓவியர்களுக்கு எளிதான வழி ஏதாவது ஒரு வகுப்பில் பேர் பதிவது. மோன்பர்னாஸில் உள்ள கிராந்த் ஷோமியேர் பள்ளியின் திறந்த வரைதல் வகுப்புகளில் வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது. காசு கட்டினால் உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரையலாம். செகோட்டோ மாலை நேரங்களில் அங்கே போனார். மன்கோபா தன் காலத்தில் அலங்காரக் கலைகளுக்கான தேசியப் பள்ளியில் சேர்ந்தார்.

செகோட்டோவைக் காப்பாற்றியது தூரிகையல்ல, பியானோ. சின்ன வயதில் மிஷன் வீட்டில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை, சேன்-ஜெர்மேனில் லேஷெல் து ஜாகோப் என்ற மதுக்கடையில் இரவு வாசிப்புக்கு இடம் பெற்றுத் தந்தது. அது காசும் கொடுத்தது, ஆளையும் அரித்தது. விடியும்வரை புகையும் மதுவும், பகலில் வரைய வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தூக்கம். ஓரிரு வருடங்களில் மனம் உடைந்து சேன்-ஆன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதைப் பலர் 'நாட்டு ஏக்கம்' என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஏக்கம் இருந்திருக்கும், ஆனால் குறைந்த சாப்பாடு, தலைகீழான தூக்கம், தெரியாத மொழி, உருகிய சேமிப்பு, இவை நான்கும் சேர்ந்தால் ஏக்கம் இல்லாத ஆளும் விழுவார். பிறகு எழுந்தார், 1956 முதல் 1960 வரை 29 பாட்டுகளுக்கு இசையமைத்தார், 1966இல் டக்கார் கலைவிழாவுக்காக செனகல் போய் அங்கே தங்கி வரைந்தார். தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. 1993இல் நோஜான்-சுர்-மார்னில், ஓய்வுபெற்ற கலைஞர்களுக்கான இல்லத்தில் இறந்தார்.

நினைவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வருகிறேன். உணர்வுக்கு முழுக்க நம்பலாம். தேதிக்கும் வரிசைக்கும் சரிபார்க்க வேண்டும். காரணம், இவை பெரும்பாலும் 1980களிலும் அதற்குப் பிறகும் பேட்டி எடுத்தவர்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கும் சொன்னவை. நடந்து நாற்பது வருடத்துக்கு மேல். செகோட்டோ விஷயத்தில் இன்னொரு கோணமும் உண்டு. பாரிஸில் அவர் நினைவிலிருந்து வரைந்த தெருக்களே அழிந்துவிட்டன. சோஃபியாடவுன் 1955 முதல் இடிக்கப்பட்டது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு வெறும் மண்ணாயிற்று. ஞாபகத்தைத் திருத்திக்கொள்ளப் போய்ப் பார்க்க இடமே இல்லாதபோது, நிறம் கனவுத்தன்மை கொள்வதும் நீலம் கூடுவதும் இயல்பு. பிற்காலப் படங்களைத் தரம் குறைந்தவை என்று தள்ளும் விமர்சகர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பயணத் தேதியைச் சரிபார்க்க ஒரே நல்ல இடம் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயணிகள் பட்டியல். உள்ளே வந்த கப்பல்களுக்கு பி.டி. 26 (BT 26) என்ற வரிசை, 1878 முதல் 1960 வரை. இணையத்தில் கட்டணத் தேடலாகவும் கிடைக்கிறது. பெயர், வயது, தொழில், கப்பலேறிய துறைமுகம், வகுப்பு, பிரிட்டனில் தங்கப்போகும் முகவரி எல்லாம் பக்கத்தில் இருக்கும். முகவரிப் பத்திதான் தங்கம்: யார் வரவேற்றார்கள், சபையா, நண்பரா, விடுதியா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். தேடும்போது சிக்குவது மூன்று இடத்தில். எழுத்தர்கள் ஆப்பிரிக்கப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதைக் கணினிக்கு ஏற்றியவர்கள் மறுபடி பிழையாகப் படித்திருப்பார்கள்; ஆகவே பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் கப்பலும் மாதமும் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். தொழில் என்ற இடத்தில் 'ஓவியர்' என்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆசிரியர், மாணவர் என்றும் பாருங்கள். தென்னாப்பிரிக்கர்கள் அந்நியர் தாளில் இருக்கமாட்டார்கள், பிரிட்டிஷ் பிரஜைகள் தாளில் இருப்பார்கள். தவறான தாளில் தேடி நாட்களைத் தொலைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கால்வாய் தாண்டிய பயணம் இந்தப் பட்டியல்களில் வராது, ஐரோப்பாவுக்குள் ஓடிய கப்பல்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. அதற்கு பாஸ்போர்ட் முத்திரையோ பாரிஸ் காவல்துறையின் தங்கல் கோப்போ கிடைத்தால்தான் உண்டு.